வலிப்பு நோயோடு அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் மகள்: கல்விக்கடன் எவ்வளவு ஏறும், எப்போது தள்ளுபடியாகும்?

ஒரு தந்தை கேட்டிருப்பது இது. மகளுக்கு 19 வயது, வலிப்பு நோய் இருக்கிறது. குடும்பத்துக்குக் கிரீன் கார்டு உண்டு. மகள் அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தூக்கம் கெட்டால் வலிப்பு வருகிறது என்பதால், டாக்டர் சொன்னபடி செமஸ்டருக்கு மூன்று பாடம்தான் எடுக்கிறாள். நாலு வருடப் படிப்பு ஏழு வருடத்துக்கு இழுக்கும்போலத் தெரிகிறது. கடன் எவ்வளவு ஏறும்? பிற்காலத்தில் அவளால் வேலைக்குப் போக முடியாமல் போனால் தள்ளுபடி கிடைக்குமா? அவளுக்குப் பதிலாக நானே என் பெயரில் வாங்கிவிடட்டுமா?

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அங்கேதான் நிறையக் குடும்பங்கள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடுகின்றன.

உங்கள் பெயரில் வாங்காதீர்கள். பெற்றோர் வாங்கும் ஃபெடரல் கடனுக்கு, அதாவது அமெரிக்க மத்திய அரசு தரும் கடனுக்கு, ‘பேரன்ட் பிளஸ்’ என்று பெயர். சட்டப்படி அதில் கடன்காரர் நீங்கள்தான். படிக்கிற பிள்ளை இறந்துபோனால் அந்தக் கடன் தள்ளுபடியாகும். ஆனால் பிள்ளைக்கு இனி வேலையே செய்ய முடியாத நிலை வந்தால் ஆகாது. இயலாமையைக் காட்டி அதைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால், அந்த இயலாமை கையெழுத்துப் போட்ட உங்களுக்கு வந்திருக்க வேண்டும். அதே தொகையை மகள் தன் பெயரில் ஃபெடரல் கடனாக வாங்கியிருந்தால், அவளுடைய உடல்நிலையை வைத்தே அதைத் தள்ளுபடி செய்ய வழி இருக்கிறது. மகள் தலையில் கடன் வேண்டாம், நான் சுமக்கிறேன் என்று எந்த அப்பாவுக்கும் தோன்றும். ஆனால் உங்கள் மகளைப் போன்றவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கிற ஒரே பாதுகாப்பை அந்தப் பாசமே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. தனியார் வங்கிக் கடனில் நிலைமை இன்னும் மோசம். இயலாமைக்காகத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை, நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை மாறும். கோ-சைனராக, அதாவது கடனுக்குப் பொறுப்பேற்று உடன் கையெழுத்துப் போட்டவரை விடவும் மாட்டார்கள்.

சரி, கடன் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் இளங்கலை படிப்பவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு குறைபாடு இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் எடுத்த கணக்கு காட்டுகிறது. வலிப்பு, மன அழுத்தம், கவனக்குறைபாடு, செவித்திறன், பார்வை எல்லாம் அதில் அடங்கும். இவ்வளவு பேர் இருந்தும் கல்விக்கடனுக்கான விதிகள் எல்லாமே முழுநேரமாகப் படித்துக் குறித்த காலத்தில் முடிக்கிற மாணவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பல வருடம் ஒரு கல்லூரி நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மாணவர்கள் தாராளமாகச் செலவழித்துக் கடனாளி ஆவதில்லை. படிப்புக்குக் கூடுதலாகப் பிடிக்கிற காலம்தான் அவர்களுடைய கடன்.

உங்கள் மகளின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாலு வருடத்தில் முடிக்க செமஸ்டருக்கு 15 எடுக்க வேண்டும். ஃபெடரல் உதவிக்கு 12 எடுத்தால் முழுநேரம், 6 எடுத்தால் அரைநேரம். அவள் எடுப்பது 9, அதாவது வருடத்துக்கு 18. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய ஃபெடரல் கடன் முதலாம் ஆண்டு நிலையில் 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு நிலையில் 6,500, அதற்கு மேல் 7,500. எல்லாம் சேர்த்து 31,000 டாலரைத் தாண்டக்கூடாது. இந்த ‘ஆண்டு நிலை’யை கிரெடிட்டை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், கல்லூரிக்கு வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்ப்பதில்லை. 30 கிரெடிட் முடித்தால்தான் இரண்டாம் நிலை, 60 முடித்தால்தான் மூன்றாம் நிலை. ஆகவே அவள் இரண்டு வருடம் 5,500 வீதமும், அடுத்த இரண்டு வருடம் 6,500 வீதமும் வாங்கினால், நாலு வருடத்தில் 24,000 டாலர். ஐந்தாம் வருடம் மீதி 7,000 டாலரோடு வரம்பு தீர்ந்துவிடும். அப்போது அவள் முடித்திருப்பது 90 கிரெடிட். இன்னும் 30 பாக்கி இருக்கும்போதே கடன் கதவு மூடிவிடும். பாதியில் நின்ற படிப்பு, 31,000 டாலர் கடன், கையில் பட்டம் இல்லை. இந்தத் துறையில் நான் பார்த்ததில் மிகக் கொடுமையான நிலை இதுதான். 24 வயது ஆகிவிட்டால் அவளைச் சுயசார்பு மாணவராகக் கருதுவார்கள், மொத்த வரம்பு 57,500 ஆக உயரும். அது ஓரளவு கைகொடுக்கும், ஆனால் கடனும் கூடவே உயரும்.

இதில் 2025-இல் வந்த சட்டம் ஒரு மாற்றம் செய்திருக்கிறது. 2026 ஜூலை 1 முதல், முழுநேரத்துக்குக் குறைவாகப் படிப்பவர்களுக்கு ஆண்டு வரம்பையே அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 12-க்குப் பதில் 9 எடுத்தால் தோராயமாக முக்கால் பங்குதான். வரம்பு சீக்கிரம் தீராது என்பது இதில் உள்ள நன்மை. ஆனால் வீட்டு வாடகையும் மருந்துச் செலவும் முக்கால் பங்காகக் குறைவதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பேரன்ட் பிளஸ் பக்கம் கை நீளும். அதற்கும் புதிதாக வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று அதே சட்டம் வரம்பு போட்டிருக்கிறது. உடல்நலக் காரணத்தால் குறைவாகப் படிப்பவர்களுக்கு விலக்கு வைக்காமல் இந்த விதியைக் கொண்டுவந்தது பெரிய தவறு என்பது என் கருத்து.

திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் உங்கள் மகளுக்குக் கிடைக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கிடைத்தால், குறைவான கிரெடிட்டுக்கு அதுவும் குறையும். ஆனால் ஆயுட்கால வரம்பான 12 முழு செமஸ்டரிலிருந்து அந்த அளவுதான் கழிப்பார்கள், வீணாகாது. பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியில் தரும் ஸ்காலர்ஷிப்பை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ‘12 கிரெடிட் எடுத்தால்தான்’ என்ற நிபந்தனை அதில்தான் அதிகம். 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் 504-ஆம் பிரிவையும் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையும் காட்டி, 9 கிரெடிட்டையே முழுநேரமாகக் கருதும்படி மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகம் வழியாகக் கேட்கலாம். விடுதி, காப்பீடு, கல்லூரியின் சொந்த உதவித்தொகை ஆகியவற்றுக்கு இதைப் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். ஃபெடரல் பணத்துக்கு இது செல்லாது.

அடுத்தது வட்டி. ‘சப்சிடைஸ்டு’ கடனுக்கு, அரைநேரமாவது படித்துக்கொண்டிருக்கிற வரை வட்டியை அரசு ஏற்கும். ‘அன்சப்சிடைஸ்டு’ கடனுக்குப் பணம் வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏழு வருடம் படித்தால் ஏழு வருட வட்டி. மாதம் கொஞ்சமாவது அந்த வட்டியை மட்டும் கட்டி வர முடிந்தால் கட்டுங்கள். குடும்பமாக நீங்கள் செய்யக்கூடிய உதவிகளில் இது நல்லது, இதற்கு உங்கள் கையெழுத்தும் தேவையில்லை.

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலிப்பு உள்ள மாணவருக்கு இது என்றைக்கு வேண்டுமானாலும் நடக்கலாம். ஆறாவது வாரத்தில் அவளுக்குத் தொடர்ந்து வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். பதினைந்து வார செமஸ்டரில் 40 சதவீதம் முடிந்திருக்கும். பயத்தில் எல்லாப் பாடங்களையும் விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கிறீர்கள். ஃபெடரல் விதிப்படி, செமஸ்டரில் 60 சதவீதம் தாண்டுவதற்கு முன் விலகினால், இருந்த நாட்களுக்கான பங்கு மட்டும்தான் அவளுடையது. அந்த செமஸ்டருக்கு 6,000 டாலர் ஃபெடரல் உதவி வந்து முழுவதும் கட்டணத்துக்குப் போயிருந்தால், 3,600 டாலரைக் கல்லூரி அரசுக்குத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் கட்டணத்தைத் திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்திருக்கும். அதனால் அந்த 3,600-ஐ உங்கள் மகள் கல்லூரிக்குக் கட்ட வேண்டும் என்று பில் வரும். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்திலேயே வரலாம். அதைக் கட்டாவிட்டால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடமாட்டார்கள். நோய் காரணமாக விலகினாலும் இந்தக் கணக்கில் சலுகை இல்லை.

இதற்கு வழி உண்டு, முன்கூட்டியே தெரிந்திருந்தால். எல்லாப் பாடங்களையும் விட்டால்தான் இந்தத் திருப்பி அனுப்பும் கணக்கு வரும். வழக்கமான செமஸ்டர் முறையில் ஒன்றிரண்டு பாடங்களையாவது வைத்துக்கொண்டால் வராது. முடிந்தால் ஆறு கிரெடிட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அரைநேரத்துக்குக் கீழே போனால், தவணை கட்டத் தொடங்குவதற்கு முன் தரும் ஆறு மாதச் சலுகைக் காலம் ஓட ஆரம்பித்துவிடும். அந்த ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்துவிட்டால் முழுச் சலுகைக் காலமும் மறுபடி கிடைக்கும். பாதியளவு முடிந்த பாடத்துக்கு ஆசிரியரிடம் ‘இன்கம்ப்ளீட்’ கேட்கலாம், மீதியைப் பிறகு முடித்துக் கொடுக்கலாம். வேறு வழியே இல்லாமல் விலகினால், மருத்துவக் காரணத்துக்காகக் கட்டணத்தைத் திருப்பித் தரும் மனு உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்கிறது, ஆனால் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். இதையெல்லாம் நெருக்கடி நேரத்தில் தேடாமல், இப்போதே கல்லூரி விதிப்புத்தகத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விலகிய பாடங்கள் இன்னோர் இடத்திலும் கடிக்கும். ஃபெடரல் உதவி தொடர வேண்டுமென்றால் ‘திருப்திகரமான கல்வி முன்னேற்றம்’ காட்ட வேண்டும். மதிப்பெண் போக, எடுத்த கிரெடிட்டில் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு தேறியிருக்க வேண்டும், பட்டத்துக்கான கிரெடிட்டில் 150 சதவீதத்துக்குள், அதாவது 180 கிரெடிட்டுக்குள் முடிக்க வேண்டும். விலகிய பாடம் ‘எடுத்தது’ என்ற கணக்கில் வரும், ‘தேறியது’ என்பதில் வராது. தவறினால் உதவி நிற்கும். நோயைக் காரணம் காட்டி மேல்முறையீடு செய்யலாம். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: ‘இனிமேல் உங்களால் முன்னேற முடியும் என்று காட்டும் வகையில் உங்கள் நிலையில் என்ன மாறியிருக்கிறது?’ கால் உடைந்து குணமானவருக்கு இது சுலபமான கேள்வி. வாழ்நாள் முழுக்க வலிப்போடு இருப்பவர் என்ன எழுதுவார்? ‘எதுவும் மாறவில்லை’ என்று நேர்மையாக எழுதி மறுக்கப்பட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன். நோய் மாறியிருக்க வேண்டியதில்லை, ஏற்பாடு மாறியிருந்தால் போதும். மருந்தின் அளவு மாறியது, காலை எட்டு மணி வகுப்பைத் தவிர்த்தது, தேர்வுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது, ஒரு பாடம் குறைத்தது என்று எழுதி, டாக்டர் கடிதத்தையும் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகக் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இனி, கடன் வாங்காமலே கிடைக்கக்கூடிய பணம். இந்தியக் குடும்பங்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ஒவ்வொரு மாநிலத்திலும் ‘வொகேஷனல் ரிஹாபிலிட்டேஷன்’ என்ற தொழில் மறுவாழ்வுத் துறை உண்டு, சுருக்கமாக வி.ஆர். என்பார்கள். பெரும்பகுதி ஃபெடரல் பணத்தில் நடக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் வேலைக்குப் போவதற்குத் தேவைப்படும் படிப்புக்கு இவர்கள் கல்லூரிக் கட்டணம், புத்தகம், உதவிக் கருவி, போக்குவரத்து வரை கொடுக்க முடியும். முதலில் பெல் போன்ற மானியங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். ஆனால் ‘முதலில் கடன் வாங்கு, மீதியை நாங்கள் பார்க்கிறோம்’ என்று சொல்ல விதி இடம் தரவில்லை. அப்படி யாராவது சொன்னால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். விண்ணப்பித்த 60 நாளுக்குள் தகுதி உண்டா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், அதிலிருந்து 90 நாளுக்குள் தனிநபர் வேலைத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் கையெழுத்தாவதற்கு முன் செய்த செலவைப் பொதுவாகத் திருப்பித் தரமாட்டார்கள், அதனால் தாமதம் நேராகப் பணநஷ்டம். சில மாநிலங்களில் காத்திருப்புப் பட்டியலும் உண்டு.

நம் குடும்பங்களில் இதற்கு ஒரு தயக்கம் இருக்கிறது. வலிப்பு என்று வெளியே சொன்னால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்று பயந்து, பிள்ளையைக் கல்லூரியின் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்தில்கூடப் பதிவு செய்யவிடாத பெற்றோர் உண்டு. கல்லூரியில் தரும் மருத்துவச் சான்று வெளியே போகாது, மதிப்பெண் பட்டியலிலும் வராது. பதிவு செய்யாமல் விட்டால் மேலே சொன்ன எந்த வழியும் திறக்காது.

நிதியுதவி அலுவலகத்திலும் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். ‘படிப்புச் செலவு’ என்று கல்லூரி போடும் கணக்கில், வேறு எங்கிருந்தும் கிடைக்காத குறைபாடு சார்ந்த செலவுகளைச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. வண்டி ஓட்ட முடியாததால் ஆகும் டாக்ஸிச் செலவு, துணைக்கு ஆள், கருவி எல்லாம் வரும். ரசீது வேண்டும். இப்படிச் செலவுக் கணக்கை உயர்த்துவது சில நேரம் கூடுதல் கடனுக்குத்தான் இடம் கொடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளி ஸ்காலர்ஷிப் வரும்போது இருக்கிற உதவியைக் குறைத்துவிடாமல் காப்பதற்குத்தான் இது அதிகம் பயன்படும்.

கடைசியாகத் தள்ளுபடி. ‘முழுமையான, நிரந்தர இயலாமை’ என்ற பெயரில் ஃபெடரல் கல்விக்கடனை முழுவதும் ரத்து செய்ய முடியும். முன்னாள் ராணுவத்தினருக்கான வழியை விட்டால், உங்கள் மகளுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று, சமூகப் பாதுகாப்புத் துறையிலிருந்து இயலாமை உதவித்தொகை பெற்று, நிலைமை எளிதில் மாறாது என்று அவர்களே வகைப்படுத்தியிருப்பது. இன்னொன்று, டாக்டர் சான்று. எந்தக் கணிசமான வருமானமுள்ள வேலையும் செய்ய முடியாத நிலை ஐந்து வருடம் தொடர்ந்திருக்கிறது, அல்லது ஐந்து வருடம் தொடரும், அல்லது உயிருக்கே ஆபத்து என்று அவர் எழுத வேண்டும். 2023 ஜூலையிலிருந்து நர்ஸ் பிராக்டிஷனர், உளவியல் நிபுணர் போன்றோரும் சான்று தரலாம்.

இந்தச் சலுகை சட்டத்தில் நெடுங்காலமாக இருந்தும் மக்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. 2016-இல் கல்வித் துறையும் சமூகப் பாதுகாப்புத் துறையும் தங்கள் பட்டியல்களை ஒப்பிட்டபோது, தகுதி இருந்தும் தள்ளுபடி பெறாதவர்கள் 3,87,000 பேர் என்று தெரியவந்தது. அவர்களில் 1,79,000 பேர் தவணை கட்ட முடியாமல் தவறியவர்கள். அரசின் ஒரு கையே உதவித்தொகை கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொரு கை அவர்களைக் கடனுக்குத் துரத்திக்கொண்டிருந்தது. அப்போதும் கடிதம்தான் போட்டார்கள், படிவம் நிரப்பி அனுப்பியவருக்குத்தான் தள்ளுபடி. கிடைத்த பிறகும் மூன்று வருடம் ஆண்டுதோறும் வருமானக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தை அனுப்ப மறந்தால் ரத்தான கடன் உயிர்பெற்றுவிடும். அப்படி மறுபடி கடனாளி ஆனவர்களில் 98 சதவீதம் பேர் காகிதம் அனுப்பாததால்தான் ஆனார்கள், வருமானம் கூடியதால் இல்லை என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2016-இல் எழுதியது. 2021 ஆகஸ்டில்தான் விண்ணப்பமே இல்லாமல் தானாகத் தள்ளுபடி செய்யும் முறை வந்தது. அந்த அறிவிப்பில் 3,23,000 பேருக்கு 580 கோடி டாலர் ரத்தானது. வருமானக் கணக்குக் காட்டும் நிபந்தனையும் 2023 ஜூலையோடு போய்விட்டது. தள்ளுபடியான தொகைக்கு ஃபெடரல் வருமான வரியும் இப்போது இல்லை. மாநில வரியை மட்டும் தனியாக விசாரிக்க வேண்டும்.

ஆனால் உங்கள் மகளை நினைத்துப் பார்க்கிறபோது எனக்குக் கவலை தருவது வேறு. இந்தத் தள்ளுபடி வேண்டுமென்றால் ‘என்னால் எந்த வேலையும் செய்ய முடியாது’ என்று நிரூபிக்க வேண்டும். அவள் ஏழு வருடம் பாடுபட்டுப் படிப்பதோ வேலைக்குப் போவதற்காக. படித்து முடித்து வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்து, மாதம் இரண்டாயிரம் டாலர் சம்பாதித்தால் அவள் முழு இயலாமை உள்ளவள் அல்ல. கணிசமான வருமானம் என்று சமூகப் பாதுகாப்புத் துறை 2025-இல் வைத்திருந்த கோடு மாதம் 1,620 டாலர்தான். பாதி வேலை செய்யக்கூடியவருக்குப் பாதித் தள்ளுபடி என்று ஒன்றும் கிடையாது. அவளுக்குக் கிடைப்பது வருமானத்துக்கேற்பத் தவணை கட்டும் திட்டம் மட்டும்தான். 2026 ஜூலைக்குப் பிறகு வாங்கும் கடன்களுக்கான புதிய திட்டத்தில் மாதம் குறைந்தது 10 டாலர், வருமானம் கூடக்கூடத் தவணை கூடும், ஒழுங்காகக் கட்டினால் மீதி வட்டி சேராது, 30 வருடம் கழித்து மிச்சம் ரத்தாகும். முப்பது வருடம் என்பது பெரிய காலம்தான், ஆனாலும் தவணை தவறாமல் இருக்க இது உதவும்.

ஒருவேளை நிலைமை மோசமாகி அவள் தள்ளுபடி பெற்றுவிட்டாள், பிறகு புதிய மருந்து வேலை செய்து மறுபடி படிக்க ஆசைப்படுகிறாள் என்று வையுங்கள். தள்ளுபடி ஆன மூன்று வருடத்துக்குள் புதிய ஃபெடரல் கடன் வாங்கினால் பழைய கடனும் திரும்பி வந்துவிடும். அதற்குப் பிறகு வாங்குவதற்கும், இவரால் வேலை செய்ய முடியும் என்று டாக்டர் கடிதம் வேண்டும். அதோடு, நிலைமை கணிசமாக மோசமானால் ஒழிய இதே நோயைக் காட்டிப் புதுக் கடனைத் தள்ளுபடி கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே பட்டத்தை முடிக்கும் எண்ணம் அவளுக்கு இருக்கிற வரை தள்ளுபடிப் படிவத்தைத் தொட வேண்டாம்.

இப்போதைக்கு வி.ஆர். மனுவை இந்த செமஸ்டர் முடிவதற்குள் போட்டுவிடுங்கள். எந்த மாநிலம் என்று எழுதினால், அங்கே எந்த அலுவலகம், காத்திருப்புப் பட்டியல் உண்டா என்று பார்த்துச் சொல்கிறேன்.